கேட்பது காசல்ல, கணக்கு

கொட்டகலைப் பக்கத்துத் தோட்டப் பிள்ளை ஒன்று, சாதாரண தரத்தில் கணிதத்துக்கு 'ஏ' எடுத்த கையோடு, "அமெரிக்காவுல இன்ஜினியரிங் படிக்கப் போறேன்" என்று சொல்லிப் பார்க்கட்டும். வீட்டில் சிரிப்பார்கள். பாடசாலையில், "மொதல்ல ஏ.எல். பாஸ் பண்ணு, அப்புறம் பார்ப்போம்" என்பார்கள். தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர் தோளில் கை போட்டு, "அதெல்லாம் காசுள்ளவங்க சமாச்சாரம் தம்பி. நமக்கு ஒரு டீச்சர் வேலை கெடைச்சாப் போதும்" என்று அன்பாகவே சொல்வார். அந்த அன்பான வார்த்தையோடுதான் எனக்குச் சண்டை.

அமெரிக்காவின் முன்னணிப் பொறியியல் பல்கலைக்கழகங்கள் பணக்காரருக்கு என்ற கருத்தை மலையகத்தில் யாரும் வாதாடி நிறுவுவதில்லை. மழைக்காலத்தில் மழை பெய்யும் என்பதுபோல அதுவும் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. கூட்டிப் பார்த்தாலும் அவர்கள் பக்கம் நியாயம் இருப்பதாகத்தான் தெரியும். எம்.ஐ.டி. என்று உலகம் சொல்லும் மசாசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் ஒரு வருடத்துக்குக் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்து 85,000 டொலரைத் தாண்டுகிறது. டொலரை 300 ரூபாவாகப் பிடித்தால் இரண்டரைக் கோடிக்கு மேல். 2024ல் நிர்ணயித்த 1,350 ரூபா நாட்சம்பளத்தில், மாதம் 25 பேர், அதாவது 25 நாள் வேலை, குறையாமல் விழுந்தாலும், கொழுந்து பறிக்கும் ஒரு தாய் அந்த ஒரு வருடச் செலவைச் சம்பாதிக்க அறுபத்து மூன்று வருடம் மலைக்குப் போக வேண்டும். அதுவும் ஒரு ரூபா செலவழிக்காமல், ஒரு நாளும் அரைப்பேர் விழாமல், சங்கச் சந்தா பிடிபடாமல்.

கணக்கில் பிழையில்லை. ஆனால் எம்.ஐ.டி. அந்தத் தாயிடம் அந்தக் காசைக் கேட்பதே இல்லை.

பிள்ளையைச் சேர்ப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்கும்போது, குடும்பத்தால் கட்ட முடியுமா என்பதை அங்கே பார்ப்பதில்லை. சேர்த்த பிறகு, வீட்டாரால் எவ்வளவு முடியும் என்று கணித்து, மிச்சம் முழுவதையும் பல்கலைக்கழகமே ஏற்கிறது. அமெரிக்கப் பிள்ளைக்குள்ள அதே விதிதான் வெளிநாட்டுப் பிள்ளைக்கும். 2024 நவம்பரில் இன்னும் வெளிப்படையாகவே அறிவித்தார்கள்: அடுத்த கல்வியாண்டிலிருந்து, பெரிய சொத்துப்பத்து இல்லாத, ஆண்டு வருமானம் 200,000 டொலருக்குக் குறைந்த குடும்பத்துக்குக் கல்விக் கட்டணம் இல்லை. 100,000 டொலருக்குக் குறைந்தால், தங்குமிடமும் சாப்பாடும் புத்தகமும் உட்படப் பெற்றோர் ஒரு சதமும் கட்ட வேண்டியதில்லை. 100,000 டொலர் என்பது மூன்று கோடி ரூபா. அந்த வருமானம் லயத்தில் இருப்பவருக்கு என்ன, பங்களாவில் இருக்கும் துரைக்கே இருக்காது. ஹார்வர்ட், பிரின்ஸ்டன், யேல் ஆகியவையும் வெளிநாட்டுப் பிள்ளையின் காசைப் பார்க்காமலே சேர்ப்பை முடிவு செய்பவை.

எல்லா இடமும் இப்படித்தான் என்று சொல்லவில்லை. பொறியியல் பட்டியல்களில் எம்.ஐ.டி.க்கு அடுத்தடுத்து வரும் பெயர்களைப் பாருங்கள். ஸ்டான்போர்ட் சேர்த்துக்கொண்ட பிள்ளைக்கு உதவி செய்யும். ஆனால் வெளிநாட்டுப் பிள்ளைக்கு உதவி தேவையா என்பதைச் சேர்ப்பு முடிவிலேயே கணக்கில் எடுக்கும். பேர்க்லி, ஜோர்ஜியா டெக், இலினோய், மிச்சிகன், பேர்டியூ ஆகியவை அந்தந்த மாநில மக்களின் வரிப்பணத்தில் நடப்பவை. அவற்றின் உதவிப் பணம் பெரும்பாலும் உள்ளூர்ப் பிள்ளைக்குப் போகும். இளமாணிப் படிப்புக்கு வெளியிலிருந்து வருபவரிடம் முழுக் கட்டணமும் வாங்குவார்கள். ஆக, எல்லோரும் நினைப்பதற்கு நேர்மாறாக, பட்டியலின் ஆக உச்சியில் இருப்பது ஏழைக்கு இலவசம். இரண்டு மூன்று படி கீழே இறங்கினால்தான் விலை.

இன்னும் கீழே இறங்கினால் ஏஜென்சி வரும். 'வெளிநாட்டில் உயர்கல்வி' என்று சுவர் சுவராக ஒட்டியிருப்பவர்களின் மடிப்பேடு ஒன்றைப் பார்த்தேன். அட்டையில் எம்.ஐ.டி.யின் பெரிய வெள்ளைக் குவிமாடம். உள்ளே புரட்டினால் எம்.ஐ.டி. என்ற பெயரே இல்லை. கேள்விப்படாத ஊர்களில் இருக்கும் கேள்விப்படாத கல்லூரிகள். இதற்குக் காரணம் எளிது. எம்.ஐ.டி. யாருக்கும் தரகு கொடுப்பதில்லை. ஒரு தலைக்கு இவ்வளவு என்று தரகு கொடுக்கும் இடத்தைத்தான் ஏஜென்சிக்காரர் விற்க முடியும். அங்கேதான் வீட்டுக் காணி, அம்மாவின் நகை, மாமாவின் கடை எல்லாம் அடகுக்குப் போகும். காசுள்ளவர் சமாச்சாரம் என்று தோட்டத் தலைவர் சொல்வது இந்தக் கல்லூரிகளுக்குச் சரியாகப் பொருந்தும். அவர் சுட்டுவதென்னவோ எம்.ஐ.டி.யை.

இந்தத் 'தலைசிறந்த பத்து' பட்டியல்கள் எப்படித் தயாராகின்றன என்பதையும் சொல்லிவிடுகிறேன். யு.எஸ். நியூஸ் வெளியிடும் இளமாணிப் பொறியியல் வரிசை, பீடாதிபதிகளையும் மூத்த பேராசிரியர்களையும் மற்றப் பீடங்களுக்கு ஒன்று முதல் ஐந்து வரை புள்ளி போடச் சொல்லி, அதை மட்டும் வைத்துப் போடுவது. ஒரு ஏழைப் பிள்ளைக்கு அங்கே எவ்வளவு செலவாகும், எவ்வளவு உதவி கிடைக்கும் என்று அதில் ஒரு வரியும் இல்லை. பேராசிரியர்கள் ஒருவரையொருவர் எவ்வளவு மதிக்கிறார்கள் என்று அறிய ஆசைப்படுபவருக்கு அது பயன்படும்.

"சரி, இலவசமாகவே இருக்கட்டும். எடுப்பானா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. எம்.ஐ.டி.யில் விண்ணப்பிக்கும் நூறு பேரில் நாலைந்து பேருக்குத்தான் இடம். வெளிநாட்டவரைத் தனியாக எடுத்தால் நூற்றுக்கு இரண்டு பேர் தேறுவதே பெரிய காரியம். அவர்களிலும் பலர் கணித ஒலிம்பியாடில் பதக்கம் வாங்கியவர்கள். எஸ்.ஏ.டி. அல்லது ஏ.சி.டி. பரீட்சை கட்டாயம். இணைந்த கணிதம் ஒழுங்காகப் படித்த பிள்ளைக்கு அதன் கணிதப் பகுதி சிரமமில்லை. ஆங்கிலப் பகுதிதான் மூச்சு வாங்கவைக்கும். விண்ணப்பக் கட்டணம் 75 டொலர், அதாவது அந்த 1,350 ரூபாக் கணக்கில் பதினாறு, பதினேழு பேர் சம்பளம். கஷ்டம் என்று எழுதிக் கேட்டால் அதைத் தள்ளுபடி செய்வார்கள். ஆனால் இதைத் தோட்டத்துப் பிள்ளைக்கு உரிய ராஜபாட்டை என்று நான் சொன்னால் அது நேர்மையாகாது. முயன்று பார்க்கலாம், நம்பி உட்காரக் கூடாது.

நான் சொல்ல வருவது வேறு வாசல். அமெரிக்கப் பொறியியல் பீடங்களின் பெருமை பெரும்பாலும் அவற்றின் ஆராய்ச்சியில் இருக்கிறது. அந்த ஆராய்ச்சியைச் செய்பவர்கள் கலாநிதிப் பட்ட மாணவர்கள். அவர்கள் காசு கட்டிப் படிப்பதில்லை; காசு வாங்கிப் படிக்கிறார்கள். ஆராய்ச்சி உதவியாளராகவோ கற்பித்தல் உதவியாளராகவோ நியமனம் கிடைக்கும், கட்டணத்தை அதுவே கட்டிவிடும். மேலே கைக்கு மாதம் மூவாயிரம், நாலாயிரம் டொலர் வரும். சொந்தக் காசு கேட்பது பெரும்பாலும் முதுமாணிப் பட்டம். எங்கள் ஊரில் 'வெளிநாட்டுப் படிப்பு' என்றாலே அந்த முதுமாணியைத்தான் நினைக்கிறோம், ஏஜென்சி விற்பதும் அதைத்தான். முதுமாணி இல்லாமலே, நல்ல நாலு வருட இளமாணிப் பட்டத்தோடு நேரே கலாநிதிப் பட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்பது அமெரிக்க முறையின் ஒரு சிறப்பு. அது பலருக்குத் தெரியாது. பேர்க்லியும் ஜோர்ஜியா டெக்கும் பேர்டியூவும் இந்தக் கட்டத்தில் காசு கேட்காத இடங்களாக மாறிவிடுகின்றன.

"பேராதனைப் பட்டத்தை வைத்துக்கொண்டு அங்கே போய் நின்றால் மதிப்பானா?" மதிப்பான். 1989ல் அமெரிக்கா உட்பட ஆறு நாடுகள் ஒன்றின் பொறியியல் பட்டத்தை மற்றது ஏற்கும் வொஷிங்டன் உடன்படிக்கையைச் செய்துகொண்டன. 2014ல் இலங்கை அதில் முழு உறுப்பினரானது. இந்தியாவும் அதே ஆண்டுதான். இலங்கைப் பொறியியலாளர் நிறுவனம் தகுதிச் சான்று கொடுத்த பட்டம், அடிப்படைக் கல்வியளவில் அமெரிக்காவில் சான்று பெற்ற பட்டத்துக்கு நிகர் என்பது அதன் பொருள். பொறியியல் பீடம் 1950ல் கொழும்பில் தொடங்கி, 1960களில் பேராதனைக்கு வந்தது. கொட்டகலையில் ரயில் ஏறினால் அதே பாதையில் பேராதனைச் சந்தி. அமெரிக்காவுக்குப் போகும் வழி அந்தச் சந்தியால் போகிறது என்று சொன்னால் சிரிக்க வேண்டாம், போயிருக்கிறார்கள்.

ரத்னஜீவன் ஹூல் கட்டுபெத்தை வளாகத்தில் பொறியியல் பட்டம் பெற்று, 1982ல் கானகி மெலனில் மின் பொறியியல் கலாநிதியானார். பிறகு அமெரிக்காவிலேயே பேராசிரியர். சாவகச்சேரிப் பக்கத்துச் சிவலிங்கம் சிவானந்தன் பேராதனையில் பௌதிகவியல் படித்து, சிக்காகோவிலுள்ள இலினோய் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் முடித்து, அகச்சிவப்பு உணரிகளில் உலகப் பெயர் எடுத்தார். 2013ல் வெள்ளை மாளிகை அவரைக் கௌரவித்தது. அவர்களுக்கு முன்னால் அழகையா துரைராஜா. இங்கே பொறியியல் படித்து, கேம்பிரிட்ஜில் மண்பொறியியல் ஆராய்ச்சி செய்து, 1963ல் ரொஸ்கோ, ஸ்கோபீல்ட் ஆகியோரோடு சேர்ந்து அவர் எழுதிய கட்டுரை இன்றும் அந்தத் துறையின் அடித்தளங்களில் ஒன்று. (கொட்டகலையிலும் கேம்பிரிட்ஜ் என்ற பெயரில் ஒரு கல்லூரி இருக்கிறது. பெயர் வைத்தவர்கள் சும்மா வைக்கவில்லை என்று நம்ப எனக்கு ஆசை.)

இந்த மூவரில் ஒருவரும் மலையகத்தவர் இல்லை. "அவங்க யாழ்ப்பாணத்து மூளை" என்று ஒரு வரியில் முடித்துவிடுவது இங்கே இன்னொரு வழக்கம். காசு என்ற சாட்டு தோற்றால் மூளை என்ற சாட்டு வரும். முதலாவதைவிட இரண்டாவது மோசமானது. அதனால் கொஞ்சம் நிதானமாகவே பார்ப்போம்.

1823ல் அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் ஒரு செமினரி திறந்தார்கள். டானியல் பூவர் அதன் முதல் அதிபர். மதம் மாற்றத்தான் வந்தார்கள், அதை அவர்களும் மறைக்கவில்லை. ஆனால் அங்கே யூக்ளிட்டின் கேத்திரகணிதமும் அட்சரகணிதமும் வானியலும் சொல்லிக்கொடுத்தார்கள். ஆங்கிலத்திலும் தமிழிலும் சொல்லிக்கொடுத்தார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளாகத் தேறிய சி.வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும் அந்தச் செமினரியில் படித்தவர்கள். அது மூடப்பட்ட பிறகு அதன் தடத்தில் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது. அதோடு போட்டி போட்டுக்கொண்டு சைவப் பாடசாலைகள் எழுந்தன. நூற்றைம்பது வருடத்துக்கு ஊருக்கு ஊர் ஒரு கணித வாத்தியார் இருந்தார்.

அதே 1823ஐத்தான் எங்கள் தொடக்க ஆண்டாகக் கொண்டு, 2023ல் 'மலையகம் 200' நினைவுகூர்ந்தோம். தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தோம். வட்டுக்கோட்டைப் பிள்ளை அட்சரகணிதம் தொடங்கிய காலத்தில் எங்கள் பாட்டன்மார் கோப்பித் தோட்டத்துக்குக் காடு வெட்டினார்கள். பிறகு தேயிலை வந்தது. அமெரிக்கர் கட்டிய பாடசாலை ஒரு தமிழருக்கு, ஆங்கிலேயர் கட்டிய லயம் மற்றத் தமிழருக்கு. தோட்டப் பாடசாலை என்று இருந்ததும் ஒரு கொட்டில், ஓர் ஆசிரியர், ஐந்தாம் வகுப்பு வரை. பிள்ளைகளை மலைக்குப் போகும் வயதுவரை வைத்திருக்கும் இடம். 1948ன் பிரஜாவுரிமைச் சட்டம் எங்களை நாடற்றவர்களாக்கியது. அரசாங்கம் தோட்டப் பாடசாலைகளைக் கையேற்றதே 1970களில்தான். வட்டுக்கோட்டைக்கும் கொட்டகலைக்கும் இடையில் இருப்பது நூற்றைம்பது வருடக் கணித வகுப்பு. அதை மூளை என்று பெயரிடுவது வாத்தியார் வராத வகுப்பில் பிள்ளையை மொக்கன் என்று சொல்வதற்குச் சமம்.

அந்த வகுப்பு இப்போதாவது வந்துவிட்டதா? நுவரெலியா மாவட்டத்துத் தமிழ்ப் பாடசாலைகளில் பெரும்பாலானவை ஐந்தாம் வகுப்போடோ பதினோராம் வகுப்போடோ நின்றுவிடுபவை. உயர்தரம் இருந்தாலும் பலவற்றில் கலையும் வர்த்தகமும்தான். கணித, விஞ்ஞானப் பிரிவு நடத்தும் 1ஏபி தரப் பாடசாலைகள் சில. அந்தச் சிலவற்றிலும் பலகையில் பெயர் இருப்பதும் வகுப்பில் ஆசிரியர் இருப்பதும் ஒன்றல்ல. இணைந்த கணித வகுப்பில் பத்துப் பதினைந்து பேர் சேர்வார்கள். முதல் தவணையில் எல்லை, வகையீடு என்று போய்க்கொண்டிருக்கும். இரண்டாம் தவணையில் ஆசிரியருக்குச் சொந்த மாவட்டத்துக்கு இடமாற்றம் கிடைக்கும். பதில் ஆள் வரும்வரை பௌதிகவியல் ஆசிரியர் கூடுதலாகக் கொஞ்சம் பார்ப்பார். பொறுத்துப் பார்த்துவிட்டுப் பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கலைப்பிரிவுக்கு மாறுவார்கள். அரசியல் விஞ்ஞானம், தமிழ், இந்து நாகரிகம். மிஞ்சும் இரண்டு மூன்று பேர் சனிக்கிழமை முதல் பஸ்ஸில் ஹட்டனுக்கு டியூஷனுக்குப் போவார்கள். அவர்களிலும், வீட்டில் யாராவது கொழும்பில் கடைவேலை பார்த்துக் காசு அனுப்பும் பிள்ளை மட்டும் கடைசிவரை நிற்கும்.

பூட்டு விழுவது இங்கே. எம்.ஐ.டி. இருக்கும் பொஸ்டனுக்குப் பக்கத்தில் அல்ல, பன்னிரண்டாம் வகுப்பின் இரண்டாம் தவணையில். 'காசுள்ளவர் சமாச்சாரம்' என்ற வார்த்தை செய்யும் பெரிய தீங்கும் இதுதான். கதவு எங்கோ கடலுக்கு அப்பால் சாத்தியிருக்கிறது என்று சொல்லி, பக்கத்துக் கட்டடத்தில் சாத்திய கதவை மறைத்துவிடுகிறது. கடலுக்கு அப்பால் உள்ள கதவுக்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. இணைந்த கணித ஆசிரியர் இல்லாததற்கு வலயக் கல்விப் பணிப்பாளர் பதில் சொல்ல வேண்டும், மாகாண அமைச்சு பதில் சொல்ல வேண்டும், வாக்குக் கேட்டு வந்தவர் பதில் சொல்ல வேண்டும்.

இதிலே வசதியான ஓர் உண்மையும் உண்டு. பல்கலைக்கழக அனுமதியில் 40 சதவீதம் நாடளாவிய திறமைக்கும், 55 சதவீதம் மாவட்டச் சனத்தொகைக்கும், 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகிறது. நுவரெலியா அந்தப் பின்தங்கிய மாவட்டங்களில் ஒன்று. 1971ல் பேராதனைப் பொறியியலுக்குச் சிங்கள மொழி மாணவருக்கு 227, தமிழ் மொழி மாணவருக்கு 250 என்று வெட்டுப்புள்ளி வைத்தது அப்பட்டமான அநியாயம். 1974ல் வந்த மாவட்ட ஒதுக்கீட்டையும் யாழ்ப்பாணம் அதே அநியாயத்தின் தொடர்ச்சியாகத்தான் பார்த்தது, அவர்கள் இழந்ததும் மெய். ஆனால் அந்த ஒதுக்கீடு நுவரெலியாப் பிள்ளைக்குப் பொறியியல் பீடத்தின் வாசற்படியைத் தாழ்த்திக் கொடுத்தது என்பதையும் சொல்லாமல் விட முடியாது. தாழ்ந்த படியில் ஏறவும் எங்கள் வகுப்பில் ஆள் போதவில்லை. பிற மாவட்டப் பிள்ளைகள் இங்கே வந்து பரீட்சை எழுதி அந்த இடங்களைக் கொண்டுபோகிறார்கள் என்ற முறைப்பாட்டைப் பல வருடமாகக் கேட்கிறோம். அவர்களை விரட்டுவதில் காட்டும் உற்சாகத்தில் பாதி, எங்கள் பிள்ளைகளை எழுத வைப்பதில் இருந்தால் போதும். 'மலையகப் பல்கலைக்கழகம்' என்ற தேர்தல் வாக்குறுதியையும் நான் இப்படித்தான் பார்க்கிறேன். வரட்டும். அதன் பொறியியல் பீடத்துக்கு எந்தப் பாடசாலையிலிருந்து பிள்ளை வரும்?

தோட்டத் தலைவர் சொன்ன அந்த டீச்சர் வேலைக்கு வருகிறேன். அதை நான் இளக்காரமாகச் சொல்லவில்லை. லயத்திலிருந்து வெளியேறிய முதல் தலைமுறையைத் தூக்கிவிட்டது அந்த வேலைதான். ஜேர்மனியின் உதவியோடு பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி எழுந்தபோது எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு அது கோயிலாகவே இருந்தது. ஆனால் அந்த வேலையையே ஆசையின் கூரையாகப் போட்டதன் விளைவைப் பாருங்கள். உயர்தரத்தில் எதைப் படித்தால் சுலபமாகத் தேறி ஆசிரியராகலாம் என்று கணக்குப் போட்டு எல்லோரும் கலைப்பிரிவுக்குப் போகிறார்கள். ஆசிரியராகித் திரும்பி வந்து கலைப்பாடம் கற்பிக்கிறார்கள். அவர்களிடம் படித்தவர்களும் அதற்கே போகிறார்கள். 2010களில் மூவாயிரம் அளவில் ஆசிரியர் உதவியாளர்களை மாதம் 6,000 ரூபாவுக்கு எடுத்து, பிறகு 10,000 ஆக்கினார்கள். அந்தத் தொகைக்கும் ஆள் கிடைத்தது. கணிதத்துக்கு மட்டும் கிடைக்கவில்லை. ஆசிரியர் வேலையே போதும் என்ற சமூகத்தில் கணித ஆசிரியருக்குப் பஞ்சம் வந்தது தற்செயல் அல்ல.

"போனவன் திரும்பி வரமாட்டான். சமூகத்துக்கு என்ன லாபம்?" என்பது அடுத்தது. எங்கள் பெண்கள் குவைத்துக்கும் சவூதிக்கும் வீட்டு வேலைக்குப் போகும்போது யாரும் இதைக் கேட்பதில்லை. விமான நிலையத்துக்கு வேன் பிடித்துக் கொடுக்கிறோம். பிள்ளை கலாநிதிப் பட்டத்துக்குப் போகும்போது மட்டும் சமூகப் பற்று பொங்கி வருவது எனக்கு விளங்கவில்லை. திரும்பி வருவதைப் பற்றியே பேசுவதானால், வந்து செய்யவும் இங்கே வேலை இருக்கிறது. கொட்டகலையிலிருந்து தலவாக்கலைக்குப் போகும் வழியில் சென்கிளயர் நீர்வீழ்ச்சி. அதற்குப் பக்கத்தில் ஆற்றை மறித்து, பதின்மூன்று கிலோமீற்றர் அளவு சுரங்கம் வெட்டி, 2012ல் மேல் கொத்மலைத் திட்டம் 150 மெகாவாட் மின்சாரம் எடுக்கத் தொடங்கியது. கடன் ஜப்பானுடையது. மண்வெட்டியும் கூடையும் தூக்கப் போன கைகளில் எங்களுடையவையும் உண்டு. வரைபடத்தை விரித்து வைத்துப் பேசிய மேசையில் எங்கள் ஆள் எத்தனை பேர் இருந்தார்கள்?

மண்சரிவு அதைவிடப் பெரிய கேள்வி. 2014 அக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. 2025 நவம்பரில் டித்வா புயல் மலைநாடு முழுவதையும் சரித்துப் போட்டது. ஒவ்வொரு தடவையும் கொழும்பிலிருந்து அதிகாரிகள் வந்து, இந்த மலை ஆபத்து, இந்த லயத்தைக் காலி செய்யுங்கள் என்று சிவப்புக் கோடு போடுகிறார்கள். ஈரமான களிமண் எந்தப் பாரத்தில் தாங்கும், எப்போது விட்டுக்கொடுக்கும் என்பதைத்தான் துரைராஜா 1960களில் சமன்பாடாக எழுதினார். அந்தச் சமன்பாடு உலகத்தின் பொறியியல் பீடங்களில் ஓடுகிறது. அது ஆக அதிகம் தேவைப்படும் மலைச்சரிவில் பிறந்த பிள்ளைக்கு அதை வாசிக்கத் தேவையான நுண்கணிதம் கிடைக்கவில்லை. மண்பொறியியலில் உலகத்திலேயே பெயர்பெற்ற பீடங்களில் ஒன்று பேர்க்லி. அங்கே இந்த மலையைப் பற்றி ஆராய்ச்சி செய்யக் காசு வாங்கிக்கொண்டு ஒரு கொட்டகலைப் பிள்ளை போவது ஆடம்பரம் என்றால், தேவை என்பது எது என்று தெரியவில்லை.

இப்போதைய அமெரிக்காவைக் காட்டிப் பயமுறுத்துபவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2025ல் மாணவர் விசா நேர்முகங்களைச் சில வாரங்கள் நிறுத்தினார்கள். ஆராய்ச்சிப் பணத்தை வெட்டினார்கள். அதனால் பல பல்கலைக்கழகங்கள் கலாநிதிப் பட்ட இடங்களைக் குறைத்தன. பொய் இல்லை. ஆனால் இன்று ஒன்பதாம் வகுப்பில் இருக்கும் பிள்ளை கலாநிதிப் பட்டத்துக்கு விண்ணப்பிக்கப் பத்து வருடமாகும். அப்போது வொஷிங்டனில் யார் இருப்பார் என்று எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. அமெரிக்கா கதவைச் சாத்தினாலும் இதே பட்டத்தை ஏற்க கனடா, அவுஸ்திரேலியா, சிங்கப்பூர் இருக்கின்றன. ஏஜென்சிக்குக் கட்டிய காசு போனால் போனதுதான். இணைந்த கணிதத்தில் எடுத்த 'ஏ'யை எந்த விசா அதிகாரியும் பறிக்க முடியாது.

ஆகவே தோட்டத் தலைவரிடம் நான் கேட்பது அமெரிக்காவைப் பற்றியதல்ல. ஒரு காலத்தில் எங்கள் பாடசாலைகளில் கணிதம் கற்பித்தவர்களில் பலர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள். 1977லும் 1983லும் தமிழருக்கு எதிரான கலவரங்களில் அடித்து விரட்டியபோது பலர் போனார்கள், திரும்பவில்லை. இன்று கிழக்கிலிருந்தும் வடக்கிலிருந்தும் நியமனம் பெற்று வரும் இளம் ஆசிரியருக்குக் கொட்டகலையில் தங்க ஒழுங்கான அறை கிடைப்பதில்லை. கிடைத்தாலும் சம்பளத்தில் பெரிய பகுதி வாடகைக்குப் போகிறது. வந்த நாளிலிருந்தே அவர் இடமாற்றக் கடிதம் எழுதத் தொடங்கிவிடுகிறார். தொழிற்சங்கங்கள் மாதாமாதம் செக்ரோலில், அதாவது சம்பளப் பதிவேட்டில், சந்தா பிடிக்கின்றன. அந்தச் சந்தாவில் கொட்டகலை டவுனில் கணித, பௌதிகவியல் ஆசிரியர்களுக்கு ஒரு விடுதி கட்டலாம். ஐந்து வருடம் இருந்து இரண்டு உயர்தர அணிகளை முடித்துக் கொடுப்பவருக்கு வாடகை வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கலாம். நுவரெலியா, ஹட்டன் வலயங்களில் எத்தனை 1ஏபி பாடசாலைகள், அவற்றில் இணைந்த கணிதத்துக்கு நிரந்தர ஆசிரியர் எத்தனை பேர் என்ற இரண்டு எண்களை ஒவ்வொரு ஜனவரியிலும் சங்கக் காரியாலயத்துப் பலகையில் எழுதிப் போடலாம். அடுத்த சம்பளப் பேச்சுவார்த்தைக்குப் போகும்போது அந்தத் தாளையும் கையில் கொண்டுபோகட்டும்.